வன்னி வளவில் பெரிய டேலியா: கிழங்கா, விதையா, தண்டா?

வன்னியில் தட்டளவு டேலியா பூக்குமா என்று கேட்டால், பூக்கும் என்றே சொல்வேன். ஆனால் நினைத்த மாதத்தில் பூக்காது. மார்கழிக் கடைசியிலிருந்து மாசி முடியும்வரைதான் இங்கே அதற்குக் காலம். அதற்குள் மொட்டு வந்து விரிந்தால் பூ நிறைவாக இருக்கும். பங்குனிக்குத் தள்ளிப்போனால், இதழ் மெலிந்து, ஓரம் கருகி, நடுவில் மஞ்சள் கண் வெளியே தெரியும் பூதான் மிஞ்சும். கிழங்கு வாங்குவதா, விதை போடுவதா, தண்டு வெட்டி வேர்விட வைப்பதா, நிலத்தில் நடுவதா, சாடியில் வைப்பதா என்று எது கேட்டாலும் நான் ஒன்றைத்தான் பார்ப்பேன்: தை மாதத்தில் மொட்டைக் கொண்டுவந்து தருவது எது?

டேலியா மெக்சிக்கோவின் மலைநாட்டுச் செடி. அந்த நாடு 1963இல் அதைத் தன் தேசியப் பூவாக அறிவித்தது. சுவீடன் தாவரவியலாளர் அந்தர்ஸ் தாலின் பெயரை அதற்கு வைத்தவர் ஸ்பெயினின் மட்ரிட் தாவரவியல் தோட்டத்தைச் சேர்ந்த கவானியஸ், ஆண்டு 1791. அந்த மலைகளில் பகல் வெயில் சுள்ளென்று அடித்தாலும் பொழுதுபட்டதும் குளிர்ந்துவிடும். பகலில் இலை தயாரித்த உணவில் ஒரு பங்கை இரவில் செடி சுவாசித்தே செலவழிக்கிறது. இரவு புழுங்கப் புழுங்க அந்தச் செலவு கூடும், பூவுக்கு மிச்சம் குறையும். 25 சென்ரிமீற்றர் அகலப் பூவைக் கட்டி எழுப்ப எவ்வளவு மிச்சம் வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வவுனியா ஏறத்தாழ 100 மீற்றரில். நமக்குத் தை மாத இரவுகள்தான் 20, 21 பாகைக்கு இறங்குகின்றன. சித்திரைப் பகல் 34ஐத் தொடும். அப்போது செடி பூப்பதை விட்டு உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

வன்னியில் இந்தப் பூவைத் தெரிந்தவர்கள் குறைவில்லை. 1977 வன்செயலுக்குப் பின் மலைநாட்டிலிருந்து வந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறிய குடும்பங்கள் எத்தனையோ. லயத்து வாசலில் தகரப் பேணியில்கூடப் பூத்த செடி அவர்களுக்கு அது. அங்கே மழையும் குளிரும் செய்த வேலையை இங்கே நாம் செய்ய வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

கிழங்கிலிருந்து தொடங்குவோம், கூடுதலான ஆட்கள் கேட்பது அதைப் பற்றித்தான். கனடாவிலும் இங்கிலாந்திலும் உள்ள உறவுகள் தங்கள் வீட்டுப் பின்வளவில் பூத்த டேலியாவைப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். ‘கஃபே ஓ லே’, ‘கெல்வின் ஃபுளட்லைட்’ எல்லாம் 20 முதல் 25 சென்ரிமீற்றர் வரை விரிகிற இனங்கள். பார்த்ததும் ஆசை வரும். “அடுத்தமுறை வரேக்க ரெண்டு கிழங்கு கொண்டு வாங்கோ அண்ணை” என்று கேட்கவும் தோன்றும். அப்படிக் கேட்க வேண்டாம் என்பேன். அதற்கு இரண்டு காரணம்.

முதலாவது சட்டம், அதற்குப் பின்னால் உள்ள நியாயமும். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், நடுகைப் பொருள் எதையும் முன் அனுமதி எடுத்து, அனுப்பும் நாட்டின் தாவர சுகாதாரச் சான்றிதழோடுதான் கொண்டுவரலாம். கட்டுநாயக்காவில் உள்ள தாவரத் தடுப்புக்காப்பு நிலையம் இருப்பது அதற்காகத்தான். டேலியாக் கிழங்கு வெளியில் சுத்தமாகத் தெரிந்தாலும் உள்ளே வைரசு இருக்கலாம். தக்காளிப் புள்ளி வாடல் வைரசுக்கு டேலியா நல்ல இருப்பிடம். அதே வைரசு மிளகாயையும் தக்காளியையும் பிடிக்கும். மிளகாய்த் தோட்டத்தை நம்பிச் சீவிக்கிற ஊர்களுக்குள் ஒரு பூவுக்காக அதைக் கொண்டுவரக் கூடாது.

இரண்டாவது, பருவம் பொருந்தாது. வட நாடுகளில் முதல் உறைபனி விழுந்த பிறகு கிழங்கைக் கிளறி எடுத்து, குளிர்காலம் முழுக்க உறங்கவைத்து, மார்ச், ஏப்ரலில்தான் விற்பார்கள். கிழங்கு முளைக்கத் துடிக்கும் அந்த நேரம் நமக்குப் பங்குனி, சித்திரை. முளைத்தால் வெயிலில் வாடும்; முளைக்க விடாமல் புரட்டாதி வரை வைத்தால் சுருங்கிச் சுள்ளியாகும். அவுஸ்திரேலியாவில் பருவம் தலைகீழ் என்பதால் அந்தக் கிழங்கு நமக்கு நேரத்தில் ஒத்துவரும்: ஜூன், ஜூலையில் கிளறுவார்கள், ஆவணி, புரட்டாதியில் முளைவிடத் தொடங்கும். அனுமதி எடுத்து முறையாகத் தருவிக்க வசதியும் பொறுமையும் உள்ளவர் அங்கிருந்து எடுக்கலாம். ஆனாலும் முதல் ஆண்டிலேயே இதற்குப் பணம் போட வேண்டாம்.

நுவரெலியா, வெலிமடைப் பக்கத்துக் கிழங்கும் கன்றும் அடுத்த வழி. இதில் ஒரு பொறி இருக்கிறது. நம்மவர்கள் கூடுதலாக மலைக்குப் போவது சித்திரைப் புதுவருட விடுமுறையில். வசந்தகாலக் கொண்டாட்டம் நடக்கும், பூ நிறைந்த சாடிகளைத் தெருவோரம் அடுக்கி வைத்திருப்பார்கள். ஏ9 வீதியால் அந்தச் சாடியைக் கிளிநொச்சிக்குக் கொண்டுவந்தால் ஒரு கிழமையில் மொட்டுகள் மஞ்சளாகி உதிரும். செடியில் பிழை இல்லை, காலம்தான் பிழை. ஓகஸ்ட் பாடசாலை விடுமுறையில் போகிறவர்கள் கெட்டிக்காரர்கள். அப்போது பூவைப் பார்த்து நிறத்தைத் தெரிவு செய்து, கிழங்கையோ வெட்டுத்தண்டையோ கேட்டு வாங்கலாம். அங்கே பெரும்பாலும் இனப்பெயர் சொல்ல மாட்டார்கள், நிறத்தைச் சொல்லித்தான் தருவார்கள். அதனால் பூவை நேரில் பார்த்து வாங்குவதே நல்லது.

கிழங்கு வாங்கும்போது பருமனைப் பார்க்காதீர்கள், கழுத்தைப் பாருங்கள். மரவள்ளிக் கிழங்கைப் போலக் கொத்தாக இருக்கும் இதில், தனிக் கிழங்கின் உடலில் எங்குமே முளை வராது. கிழங்கு பழைய தண்டோடு ஒட்டும் இடத்தில், கழுத்துக்கு மேலே, குண்டூசித் தலையளவில் இளஞ்சிவப்பாக ஒரு புடைப்பு இருக்கும். அதுதான் கண். கண்ணுள்ள அந்தத் தண்டுத் துண்டு ஒட்டியிராத கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும் மண்ணுக்குள் கிடந்து வேர்விட்டு, கடைசியில் அழுகும். கழுத்து முறிந்து தொங்கும் கிழங்கும் அப்படியே. நட்ட பிறகு முளை வெளியே தெரியும் வரை தண்ணீர் ஊற்றக் கூடாது. மண்ணில் கை வைத்தால் இலேசான ஈரம் தெரிந்தால் போதும். ஐப்பசி மழைக்குள் நேரே நிலத்தில் புதைத்த கிழங்கு பெரும்பாலும் முளைக்குமுன்னே அழுகிவிடுவதற்குக் காரணம் இதுதான்.

பெரிய பூ இனம் கிழங்கிலிருந்து பூக்க மூன்றரை, நான்கு மாதம் எடுக்கும். தைக்குப் பூ வேண்டுமானால் புரட்டாதி நடுவில் முளை தொடங்கியிருக்க வேண்டும். அது வன்னியில் சோளகக் காற்று ஓய்ந்தும் ஓயாத நேரம், மண் இன்னும் சூடு. விறாந்தை நிழலில், சாடியில் தொடங்கினால் சமாளிக்கலாம்.

வெட்டுத்தண்டைத்தான் நான் மூன்றிலும் மேலாக வைக்கிறேன். முளைத்த கிழங்கில் நாலைந்து தளிர் வரும்; அவற்றில் 7, 8 சென்ரிமீற்றர் நீளமானதை ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே கூரான பிளேட்டால் வெட்டி, கீழ் இலைகளைக் களைந்து, ஆற்றுமணலும் அரைவேக்காட்டு உமிக்கரியும் சரிபாதி கலந்த கலவையில் கணு மண்ணுக்குள் இருக்கும்படி ஊன்ற வேண்டும். அந்தக் கணு முக்கியம். அது மண்ணுக்கு மேலே நின்றுவிட்டால் வேர் வரும், கிழங்கும் விழும், ஆனால் அந்தக் கிழங்குக்குக் கண் இராது. அடுத்த ஆண்டு முளைக்காது. பொலித்தீன் பையால் மூடி நிழலில் வைத்தால் இரண்டு, மூன்று கிழமையில் வேர் பிடிக்கும். ஒரு கிழங்கு வாங்கிய காசில் நாலு, ஐந்து கன்று கிடைக்கிறது. தாய்ச்செடியின் நிறமும் அளவும் அப்படியே வரும். வேர் இளமையாக இருப்பதால் சாடிக்குள் நன்றாகப் பரவும். கொல்கத்தாவின் சமவெளியில் பனிக்காலத்தில் சாடியில் பெரிய டேலியா வளர்ப்பவர்கள் நெடுங்காலமாகத் தண்டு வெட்டித்தான் வளர்க்கிறார்கள். அவர்களுக்கு இரவு நம்மிலும் குளிர். ஆனால் கோடை நம்மிலும் கொடியது. அவர்களால் முடிந்தால் நமக்கும் வழி இருக்கிறது.

விதை மலிவு, பயமில்லை, ஒரு கிழமைக்குள் முளைக்கும். ஆனால் விதையிலிருந்து வரும் செடி தாயைப் போல இராது. பண்புகளைத் தாயிலிருந்து பிள்ளைக்குக் கடத்தும் நிறமூர்த்தத் தொகுதி டேலியாவுக்கு எட்டு. ஒவ்வொரு விதையும் புதுக் கலவை. பொதிப் படத்தில் அடுக்கிதழ் இருக்கும், வளவில் எட்டு இதழோடு ஒற்றைப் பூ விரியும். கடையில் கிடைக்கும் குட்டை இன விதைகள் முழங்கால் உயரத்தில், 6 முதல் 8 சென்ரிமீற்றர் பூவாக, மூன்று மாதத்துக்குள் பூத்துவிடும். வண்ணத்துப்பூச்சிக்கும் தேனீக்கும் அந்த ஒற்றைப் பூதான் விருப்பம், குழந்தைகளோடு சேர்ந்து வளர்க்கவும் அதுவே நல்லது. பெரிய பூ வேண்டுமென்று உறுதியாக இருப்பவருக்கு விதை ஏமாற்றம் தரும். இந்தச் செடி உங்கள் வளவில் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க ஒரு மாரியை விதைக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த ஆண்டு தண்டுக்கு மாறுவது வீண்வேலை இல்லை.

நிலமா, சாடியா? மலைநாட்டில் நிலம்தான். இங்கே என் பதில் சாடி. பரந்தன், கிளிநொச்சிப் பக்கத்துக் களிமண்ணில் மாரி மழைக்குத் தண்ணீர் இரண்டு, மூன்று நாள் நிற்கும். கிழங்குக்கு ஒரு நாளே கூடுதல். 2018 டிசெம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வீடுகளுக்குள்ளேயே தண்ணீர் வந்ததே, பூம்பாத்தி எம்மாத்திரம். முல்லைத்தீவுக் கரையோர மணலில் தண்ணீர் நிற்காது, பசளையும் நிற்காது. மேட்டு வளவில் செம்மண் உள்ளவர்கள் மட்டும் நிலத்தை யோசிக்கலாம்: ஒரு முழ உயரத்துக்கு மேடை கட்டி, இரண்டரை அடிக்கு ஒரு செடி. அப்படி வாய்த்தால் நிலத்துச் செடி சாடிச் செடியைவிட உயரமாக, கூடுதல் பூவோடு நிற்கும் என்பதையும் மறைக்க மாட்டேன்.

சாடியின் பெரிய வசதி, தூக்கி வைக்கலாம். அடைமழைக்குத் தாழ்வாரத்துக்குள், வெயிலுக்கு வேப்பமர நிழலுக்கு. 30, 35 சென்ரிமீற்றர் வாய் உள்ள மண்சாடி எடுங்கள். கறுப்புப் பிளாஸ்ரிக் வெயிலில் கொதித்து வேரை அவிக்கும். பெயின்ற் வாளி பரவாயில்லை, வெள்ளை நிறமாக இருந்தால், அடியில் நாலைந்து ஓட்டை போட்டிருந்தால். மக்கிய மாட்டெரு ஒரு பங்கு, மேல்மண் ஒரு பங்கு, மணலும் உமிக்கரியும் சேர்ந்து ஒரு பங்கு. காலை வெயில் ஐந்து, ஆறு மணிநேரம் விழ வேண்டும். பிற்பகல் வெயில் வேண்டவே வேண்டாம். வீட்டின் கிழக்குப் பக்கச் சுவரோரம் நல்ல இடம்.

குரங்கும் மயிலும் இன்னொரு காரணம். 2025 மார்ச் 15ஆம் தேதி காலை நாடெங்கும் ஐந்து நிமிடம் குரங்கு, மயில் எல்லாம் எண்ணினார்கள். வன்னிக்காரருக்கு எண்ணாமலே தெரியும். மயில் டேலியாவின் இளந்தளிரையும் மொட்டையும் கொத்தி எடுக்கும். வெளிவளவில் நட்டால் வலைக்கூடு கட்ட வேண்டும். முற்றத்துச் சாடியை நாயும் நடமாட்டமும் பார்த்துக்கொள்ளும். கிழங்கைக் கிண்ட வரும் முள்ளம்பன்றிக்கும் காட்டுப்பன்றிக்கும் முற்றம்வரை வரத் துணிவு குறைவு.

நம் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி ஒரு சொல். வன்னியில் பல இடங்களில் அது கடினத் தண்ணீர், கேத்திலில் வெள்ளைப் படை படியும். அதையே நாளும் ஊற்றினால் மண் காரமாகி, நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் இலை வெளிறும். இரும்பு கிடைக்கவில்லை என்று அர்த்தம். மாரியில் தாழ்வார நீரைப் பீப்பாயில் பிடித்து வையுங்கள். பூச்செடி என்றால் அடுப்புச் சாம்பலைக் கொட்டுகிற வழக்கம் நல்ல வழக்கம்தான், ஆனால் சாம்பலும் காரம், ஆகவே இங்கே டேலியாவுக்கு வேண்டாம். மொட்டு வரும் நேரத்தில் சாடிக்கு அரைத் தேக்கரண்டி பொட்டாசுப் பசளை போதும். யூரியாவைக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள். இலை தளதளவென்று வரும், தண்டு கோறையாகிக் காற்றுக்கு முறியும்.

எந்த அளவுப் பூவைத் தெரிவு செய்வது என்பதிலும் நிதானம் வேண்டும். வெப்பத்தைப் பெரிய பூவைவிட நடுத்தரப் பூ நன்றாகத் தாங்கும். 25 சென்ரிமீற்றர் இனத்தை இங்கே வளர்த்தால் 17, 18இல் நின்றுவிடக்கூடும், செடி களைத்தும் போகும். 15 முதல் 20 சென்ரிமீற்றர் வகையை எடுத்து முழு அளவுக்குக் கொண்டுவருவதையே நான் விரும்புவேன். ஊதா நிறத் ‘தாமஸ் எடிசன்’ போன்றவை அந்த அளவு.

முழு அளவுக்குக் கொண்டுவரும் வேலை விரல்நுனியில் நடக்கிறது. கன்று நாலைந்து இலைச்சோடி விட்டதும் நுனியைக் கிள்ளி, வரும் கிளைகளில் மூன்றை மட்டும் விட வேண்டும். மொட்டு வரும்போது ஒவ்வொரு நுனியிலும் மூன்று மொட்டு சேர்ந்து நிற்கும், நடுவில் உருண்டையாக ஒன்று, இரு பக்கமும் பட்டாணி அளவில் இரண்டு. பக்க மொட்டு இரண்டையும் நகத்தால் பக்கவாட்டில் தள்ளினால் ‘டக்’ என்று கழன்று வரும். இழுக்கக் கூடாது, இழுத்தால் காம்பின் தோல் உரிந்து நடு மொட்டும் வாடும். அதற்குக் கீழே இரண்டு, மூன்று இலைக்கக்கத்தில் எட்டிப்பார்க்கும் தளிர்களையும் அப்படியே எடுத்துவிடுங்கள். கை கூசும். மூன்று பூ வர வேண்டிய இடத்தில் ஒன்றுதான் வரும், ஆனால் அந்த ஒன்றைப் பார்க்கத்தானே இவ்வளவும்! கம்பு நடுவதைக் கன்று வைக்கும் அன்றே செய்யுங்கள். பிறகு குத்தினால் கிழங்கைக் குத்தும்.

பகலின் நீளமும் கணக்கில் வர வேண்டும். மார்கழியில் வன்னியின் பகல் பதினொன்றரை மணிநேரத்துக்குச் சற்றுக் கூட. பகல் 12 மணிநேரத்துக்குக் குறைந்தால் டேலியா தன் சத்தைப் பூவிலிருந்து கிழங்குக்குத் திருப்பும், பூவில் இதழ் அடுக்கும் குறையும். நமக்குக் குளிரும் குறும்பகலும் ஒன்றாக வருவதுதான் சிக்கல். இதற்கு விறாந்தை மின்குமிழ் உதவும். ஒரு மீற்றர் உயரத்தில் 9 உவாற் எல்.ஈ.டி. குமிழ் ஒன்றைப் பொழுதுபட்டதிலிருந்து இரவு எட்டரை வரை எரியவிட்டால் செடிக்குப் பகல் 14 மணிநேரமாகிறது. கன்று வேர்பிடித்த நாளிலிருந்து மொட்டு நன்றாகத் தெரியும் வரை போதும். பிறகு அணைத்துவிட்டால், பூ முடிய முடிய அது கிழங்கு போடத் தொடங்கும். இந்த வசதியும் சாடிக்குத்தான் சரிவரும்.

இவ்வளவு கவனிப்புக்கு நேரமில்லாத வீட்டுக்குச் சினியாவைச் சொல்வேன். டேலியாவின் அதே குடும்பம், அதே மெக்சிக்கோ. ஆனால் வெயிலில் பிறந்து வளர்ந்த செடி. பெரிய பூ இனம் 10, 12 சென்ரிமீற்றர் விரியும், விதைத்து இரண்டு மாதத்தில் பூக்கும், சித்திரையிலும் சிரிக்கும். டேலியா இல்லாத குறைக்குச் சினியா என்று நான் சொல்லவில்லை. அது தன்னளவில் அழகு.

டேலியாவோடு தொடர்கிறவர்களுக்குக் கோடையைக் கடப்பதுதான் கடைசித் தெரிவு. பங்குனியில் இலை மஞ்சளாகும்போது தண்ணீரைக் குறைத்து, தண்டை ஒரு சாண் உயரத்தில் வெட்டி, கிழங்கை எடுத்து நிழலில் இரண்டு நாள் உலர்த்தலாம். நம் அறைச் சூட்டில் திறந்து வைத்தால் சுருங்கும். காய்ந்த தும்புத்தூளில் பொதிந்து, கடதாசிப் பையில் போட்டு, குளிர்சாதனப் பெட்டியின் மரக்கறித் தட்டில் வைப்பது நல்லது. அந்த வசதி இல்லாதவர் பானைக்குள் ஆற்றுமணல் இட்டு, கிழங்கைப் புதைத்து, தரையில் குளிர்ச்சியான மூலையில் வைத்து, மாதம் ஒருமுறை கையால் தண்ணீர் தெளித்தால் பாதிக்கு மேல் பிழைக்கும். நான் கூடுதலாக நம்புவது மூன்றாவது வழியை: செடிகளில் நலமான ஒன்றைப் பிடுங்காமல், பாதியாக வெட்டி, மாமர நிழலில் சாடியோடு தாய்ச்செடியாக வைத்திருப்பது. கோடை முழுக்க அது பூக்காது, அழகாகவும் இராது, நாளுக்கொருமுறை தண்ணீர் கேட்கும். செம்பேன் வந்தால் இலையின் அடிப்பக்கம் தண்ணீரை வேகமாகப் பீச்சிக் கழுவ வேண்டும். ஆனால் ஆவணிக் கடைசியில் அதில் வரும் தளிர்கள்தான் அடுத்த தைக்கான கன்றுகள், மலைக்குப் பயணம் போகாமலே.